பகலில் தூங்குபவருக்கு ஓர் அறைத்தோழி

நவம்பர் 11, செவ்வாய்

நேற்று ஒரு தவறு செய்துவிட்டேன். மாணவர்கள் எழுதிய விளம்பரங்களை மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இடம் போதவில்லை. ஒன்றை மட்டும் ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு தாளின் மேல் ஒட்டிவிட்டேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கவில்லை. இன்று தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், மதியம் வரை குழாயில் தண்ணீர் வராது என்று அதில் இருந்திருக்கிறது. மூன்று மாடியிலும் ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. முதல் மாடிப் பல் டாக்டர் ஒருவருடைய வாயில் மருந்தை வைத்துவிட்டு, கொப்பளிக்கத் தண்ணீர் இல்லாமல் எதிர்க்கடையிலிருந்து சோடா வாங்கிவரச் சொன்னாராம்.

மாலையில் காவலாளி என்னைப் படியிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே?"

பகல் முழுவதும் அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறவனிடம் கேட்ட கேள்வி. தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

நடந்ததை உடனே எழுதி வைத்தால்தான் எனக்குப் பாடம் நடத்தத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன். இந்த மாலை வகுப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. கடிதம், விண்ணப்பம் எல்லாம் முடிந்து, இந்த மாதம் 'பிறரை இணங்க வைக்கும் எழுத்து'. பாடப்புத்தகத்தில் அதற்குக் கொடுத்திருந்த பயிற்சி, ஒரு கற்பனை சோப்புக்கு விளம்பரம் எழுதுவது. கற்பனை சோப்பை யாரும் வாங்கப்போவதில்லை. எழுத்து வேலை செய்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதனால் உண்மையாகவே உங்களுக்குத் தேவைப்படும் ஒன்றுக்கு எழுதுங்கள், பலகையில் ஒட்டுவோம், யார் வருகிறார்கள் என்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. யாருமே வராவிட்டால்?

தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். மின்தூக்கி பழுது பார்க்கும் லிஃப்ட் அண்ணன், கண்ணாடிக்கடையில் வேலை செய்யும் பெண், நர்ஸ் அக்கா. மூவரில் இருவர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். அதனால் லிஃப்ட் அண்ணனுக்கு நான் 'வாத்தியாரே', நர்ஸ் அக்காவுக்கு 'தம்பி'. கண்ணாடிக்கடைப் பெண் மட்டும் 'சார்' என்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே.

லிஃப்ட் அண்ணன் தன் பழைய சைக்கிளுக்கு எழுதினார். நர்ஸ் அக்காவின் விஷயம் அப்படிப்பட்டதல்ல. அவர் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். ஒரே அறை, இரண்டு பேர் தங்க வேண்டும். கூட இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், தன் கட்டிலையும் எடுத்துக்கொண்டு. மாதக் கடைசிக்குள் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். காலி செய்தால் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

"அண்ணி நல்லவங்கதான் தம்பி. ஆனா மூணு பிள்ளைங்க, ஒரு தையல் மெஷின், ஒரு மிக்ஸி. போன வருஷம் பத்து நாள் அங்க இருந்து வேலைக்குப் போனேன். ஒரு நாள் ராத்திரி எட்டாம் நம்பர் பெட்டுக்குப் போட வேண்டிய ஊசியை எடுத்துட்டு ஒன்பதாம் பெட்டுக்கிட்ட போய் நிக்குறேன். அந்தம்மாவே கேட்டாங்க, 'எனக்கு எதுக்கு ஊசி?'ன்னு. அன்னையிலிருந்து பெட் நம்பரை ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் ஊசியைத் தொடுறேன்."

அவர் எழுதிக்கொண்டு வந்தது இரண்டே வரி: பகலில் தூங்குவேன். சத்தம் போடாத பெண் வேண்டும்.

நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்த விதியைக் காட்டினேன். 'உன் தேவையைச் சொல்லாதே. படிப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்.' இது உங்கள் தேவை அக்கா, வருகிற பெண்ணுக்கு அந்த அறையில் என்ன லாபம் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, சுவர் கெட்டி என்றார். பழைய கட்டடம், கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் போகாது, வராது. லிஃப்ட் அண்ணன் துள்ளி எழுந்துவிட்டார். கடைசியில் வகுப்பே சேர்ந்து எழுதியது:

'கதவைச் சாத்தினால் தனி உலகம்! உள்ளே நடப்பது வெளியே கேட்காது. முழங்கை நீளத்துக்குக் கெட்டிச் சுவர். காற்று வரும். பகிர்ந்து தங்க ஒரு பெண் வேண்டும். மாலை நான்கு முதல் ஆறு வரை நேரில் வரவும்.'

கீழே முகவரி. போன் எண் போடவில்லை. போட்டால் பகலில் மணி அடிக்கும்.

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

சைக்கிள் விற்றுவிட்டது. 'சைக்கிள் பழசு. பிரேக் மட்டும் புதுசு.' அவ்வளவுதான் லிஃப்ட் அண்ணன் எழுதியிருந்தார். இதில் அழகில்லை, கற்பனையில்லை என்று போன வகுப்பில் சொன்னவன் நான். அவர் இன்று வகுப்புக்கு மிட்டாய் வாங்கிவந்து, முதலில் என் கையில் இரண்டு வைத்தார். "எடுத்துக்குங்க வாத்தியாரே, கற்பனை இல்லாத மிட்டாய்."

நர்ஸ் அக்கா தாமதமாக வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"ஆள் வந்தாங்களா அக்கா?" என்றாள் கண்ணாடிக்கடைப் பெண்.

"வந்தாங்களே. வராம என்ன? புதன்கிழமை ஒரு பொண்ணு, முதுகுல ஒரு பெட்டி. வந்ததும் சுவத்தைத் தட்டிப் பார்த்துச்சு. ஒட்டுக் கேக்குற மாதிரி காதை வச்சும் பார்த்துச்சு. 'சூப்பர் அக்கா'ன்னுச்சு. என்னம்மா சூப்பர்னு கேட்டேன். பெட்டியைத் திறந்து காட்டுது, டிரம்பெட். பகல் முழுக்கப் பயிற்சி பண்ணணுமாம். நாலு வீட்டுல பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்களாம்."

லிஃப்ட் அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"சிரிங்க. அடுத்து வந்த அம்மா கூண்டோட வந்தாங்க. கிளி. அது போன் மணி மாதிரியே கத்துமாம். காலிங் பெல் மாதிரியும் கத்துமாம். 'இங்க யாருக்கும் தொந்தரவு இருக்காதுல்ல?'ன்னு என்கிட்டயே கேக்குறாங்க. நான் ஒருத்தி அங்க நிக்குறது கண்ணுக்கே தெரியல."

"அப்புறம்?"

"நேத்து ஒருத்தங்க. அம்பது வயசு இருக்கும். ஆள் நல்ல உயரம், கையில சலவைக்குப் போடுற வெள்ளைத் துணி மூட்டை. பள்ளிக்கூடச் சமையல்கட்டுல வேலையாம். விடியக்காலையே கிளம்பிடணுமாம். உள்ள கூட வரல. வாசல்லயே நின்னு, 'முன்னாடியே சொல்லிடுறேன், நான் தூங்கினா குறட்டை விடுவேன். சாதாரணக் குறட்டை இல்ல. மூணு இடத்துல போகச் சொல்லிட்டாங்க'ன்னாங்க. குறட்டைன்னு கேட்டதும் மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன்."

லிஃப்ட் அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "கெட்டிச் சுவர் யாருக்கு வேணும்? சத்தம் போடுறவங்களுக்குத்தான் வேணும். சத்தம் போடாதவனுக்குத் துணியால சுவர் கட்டினாலும் போதுமே. நாம அவங்களுக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டிருக்கோம்."

"அதுவும் இல்லாம, அக்கா சுவருக்கு உள்ள தானே இருக்காங்க?" என்றாள் கண்ணாடிக்கடைப் பெண்.

இது அவ்வளவு எளிய விஷயம். நான் ஏன் யோசிக்கவில்லை? வாசகருக்குக் கிடைப்பதைச் சொல் என்று எழுதிப் போட்டேன். எந்த வாசகர் என்று கேட்கவே இல்லை. விளம்பரம் தோற்கவில்லை, அதுதான் வேடிக்கை. கூப்பிட்டவர்கள் மிகச் சரியாக வந்தார்கள். நாம்தான் யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமல் கூப்பிட்டோம்.

விதியைக் கரும்பலகையிலிருந்து அழிக்கலாமா என்று யோசித்தேன். பாதி அழித்த பிறகு, மறுபடி எழுதினேன்.

நவம்பர் 19, புதன்

திங்கட்கிழமை புது விளம்பரம் ஒட்டினோம். 'அமைதியை விரும்பும் பெண் வேண்டும். அமைதியான அறை, அமைதியான சூழல்.' மூன்று நாளில் ஒருவரும் வரவில்லை.

இன்று வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, நானும் கண்ணாடிக்கடைப் பெண்ணும் முதல் மாடிப் படி வளைவில் உட்கார்ந்து பலகையைப் பார்த்தோம். கம்பிகளுக்கு நடுவே பார்த்தால் படிப்பவர்களுடைய உச்சந்தலையும் தோளும் தெரியும். இப்படி ஒளிந்து பார்ப்பது சரியா என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் பார்க்கப் பார்க்க எழுந்திருக்க மனம் வரவில்லை. ஜனங்கள் மேலிருந்து கீழே படிப்பதில்லை. கண் மட்டத்தில் இருப்பதைப் படிக்கிறார்கள், பிறகு கோணலாக ஒட்டியிருப்பதை. நேராக, அளவெடுத்து நான் ஒட்டியதெல்லாம் கடைசியில்தான். ஒருவர் விற்றுப்போன சைக்கிள் விளம்பரத்தை இரண்டு முறை படித்துச் சிரித்துவிட்டுப் போனார்.

சலவைக்கடைப் பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார். நம் விளம்பரத்தைப் படித்தார். முழுதும் படித்தார். பிறகு செருப்புச் சத்தம் கேட்காமல் மெதுவாக நகர்ந்தார்.

கண்ணாடிக்கடைப் பெண் தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, ஒரு நிமிஷம். அதைப் படிச்சீங்களே, உங்களுக்கு ரூம் வேணுமா?"

"வேணும்தான். ஏன்மா?"

"அப்ப ஏன் விலாசத்தைக் குறிச்சுக்கல?"

அந்தப் பெண் திரும்பிப் பலகையைப் பார்த்தார். "எத்தனை அமைதி போட்டிருக்கு பாரு. அதைப் படிச்சதும் எனக்கு இருமல் வர்ற மாதிரி இருந்துச்சு. நான் ஒண்ணும் சத்தக்காரி இல்ல. ஆனா பாத்திரம் கழுவணும், போன் பேசணும், தும்மணும். அந்த வீட்டுல ஒரு ஸ்பூன் கீழ விழுந்தா என்ன பண்ணுவாங்களோ."

"பகல்ல வீட்டுல இருப்பீங்களா?" என்று நான் கேட்டேன்.

"வீட்டுல இருந்துதான் வேலையே. கம்ப்யூட்டர்ல."

சரிப்படாது. நன்றி சொல்லி அனுப்பினோம். ஆனாலும் அவர் சொன்னதை மேலே வந்து வகுப்பில் அப்படியே சொன்னேன். நர்ஸ் அக்கா புண்பட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "நானே அதைப் படிச்சா அங்க போய்த் தங்க மாட்டேன் தம்பி" என்றார்.

இன்று அவர் தூங்கியது மூன்று மணி நேரம்தான். வீட்டுக்காரர் காலை பத்து மணிக்கு வந்து, மாதக் கடைசி என்றால் மாதக் கடைசிதான் என்று நினைவூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணனும் போன் செய்து, எந்த அலமாரியைக் காலி செய்து வைக்கட்டும் என்று கேட்டாராம்.

நவம்பர் 24, திங்கள்

வெள்ளிக்கிழமை வகுப்பு வீணாகப் போனது. ஆளாளுக்கு ஒரு வாக்கியம் சொன்னார்கள், நான் ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தேன். ராத்திரி என் சொந்த அக்கா, "ஏன் முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க நாலு பேரும் எழுதிக்கிட்டே இருக்கீங்க. வந்தவங்ககிட்ட யாராவது பேசிப் பார்த்தீங்களா?" என்றாள். வந்தவர்கள் போய்விட்டார்களே என்றேன். அப்படியே விட்டுவிட்டாள். எனக்கு மட்டும் அது மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது.

இன்று அதையே பயிற்சியாக வைத்தேன். ஆளுக்கொருவர் வந்துபோனவராக மாறி, அந்த அறையில் தன் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். நர்ஸ் அக்கா நர்ஸ் அக்காவாகவே இருந்து இடையில் பேசலாம். நடிப்பு வகுப்பு மாதிரி ஆகிவிடுமோ என்ற சந்தேகம் இருந்தது.

"நான் கிளியா வர்றேன்" என்றார் லிஃப்ட் அண்ணன் உடனே.

"கிளியோட சொந்தக்காரம்மாவா வாங்க அண்ணே."

"முடியாது. கிளின்னா கிளிதான்."

கிளியாக அவர் காலிங் பெல் அடித்தார், போன் மணி அடித்தார், பிறகு 'நர்ஸக்கா டீ குடிச்சியா' என்று ஐந்து தடவை கத்தினார். மேல்மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். டிரம்பெட் பெண்ணாக நான் நடித்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

கண்ணாடிக்கடைப் பெண் சமையல்கட்டுக்காரம்மாவாக வந்தாள். ஒரு பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உயரமாக இருப்பதாகக் கழுத்தை நீட்டிக்கொண்டாள்.

"காலையில நாலரை மணிக்கு எந்திரிக்கிறேன். பக்கத்துக் கட்டில்ல நர்ஸ் அக்கா தூங்குறாங்க. எழுப்பிடக் கூடாதுன்னு விளக்கைப் போடாம..."

"நாலரைக்கு நான் எங்கடி தூங்குறேன்? வார்டுல டெம்பரேச்சர் பார்த்துட்டு இருப்பேன்."

"சரி, விளக்கைப் போட்டுக்கிறேன். அஞ்சு மணிக்கு வேலைக்குப் போறேன். எல்லாம் கழுவி முடிச்சுச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வர்றேன். அக்கா தூங்குறாங்க..."

"நாலு மணிக்கே எந்திரிச்சுடுவேன். டீ போட்டுட்டு இருப்பேன்."

"அப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க. ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கிறேன். குறட்டை ஆரம்பம்." அவள் மேசையில் தலைவைத்து, கட்டடமே கேட்கிற மாதிரி ஒரு குறட்டை விட்டாள். "நீங்க தூக்கம் கலைஞ்சு எந்திரிச்சு உட்காருறீங்க. என்னைத் திட்டுறீங்க. திட்டுங்க அக்கா."

நர்ஸ் அக்கா திட்டவில்லை.

"ஒன்பது மணிக்கு நான் வார்டுல இருப்பேனே."

லிஃப்ட் அண்ணன் கிளியாக இருப்பதை நிறுத்திக்கொண்டார்.

"ஐயோ" என்றார் நர்ஸ் அக்கா. "அவங்க 'நான் தூங்கினா'ன்னு சொன்னதும், நான் என் தூக்கத்தைத்தான் நினைச்சேன். நான் படுத்திருக்கேன், அவங்க பக்கத்துல படுத்துக் குறட்டை விடுறாங்க, வெயில் அடிக்குது. அப்படித்தான் கண்ணுல வந்துச்சு. பதினோரு வருஷமா எனக்குத் தூக்கம்னாலே பகல்தான் தம்பி. உலகத்துல மத்தவங்க ராத்திரியில தூங்குறாங்கன்னே மறந்துபோச்சு."

எங்களுக்கும்தான் தோன்றவில்லை. அன்று அவர் சொன்னதை மூன்று பேரும் கேட்டோம், சிரித்தோம். விடியற்காலையில் கிளம்புகிற பெண், காலையில் வந்து படுக்கிற பெண். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த அறையில் கண் மூடவே போவதில்லை. நமக்கு வேண்டியது அமைதியான ஆளே அல்ல, நேரம் மாறித் தூங்குகிற ஆள். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தந்திருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். உடனே, கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும் என்றும் தோன்றியது.

அவர் யார், எங்கே இருக்கிறார், எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். இந்தப் பலகையைப் படித்துவிட்டு வந்தவர். மறுபடியும் இந்த வழியாகப் போனால் படிப்பார். ஆகவே ஒரே ஒருவர் படிப்பதற்காக ஒரு விளம்பரம். எல்லோரும் எழுதினோம்.

லிஃப்ட் அண்ணன் எழுதியது: 'குறட்டை விடுபவர்களுக்கு ஒரு நற்செய்தி!'

"இதை ஒட்டினா ஊர்ல இருக்குற குறட்டையெல்லாம் என் வாசல்ல வரிசையில நிக்கும்" என்றார் நர்ஸ் அக்கா.

கண்ணாடிக்கடைப் பெண் எழுதியதில் ஆறு தடவை மன்னிப்பு இருந்தது. நான் 'அன்புடையீர்' என்று தொடங்கியிருந்தேன். பேங்கிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒரு முறை கதவைச் சாத்தி அனுப்பியவரை எப்படி நம்ப வைப்பது? அறையைப் பற்றி அவர் முதல் விளம்பரத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறார். காற்று, சுவர் எதுவும் வேண்டாம். அவருக்குத் தெரியாத செய்தி ஒன்றே ஒன்றுதான். நர்ஸ் அக்கா அதை மட்டும்தான் எழுதியிருந்தார்:

'13ஆம் தேதி துணிமூட்டையோடு அறை பார்க்க வந்தவருக்கு. குறட்டை என்றதும் கதவைச் சாத்தினேன். தப்பு என்னுடையது. நான் நர்ஸ், இரவு வேலை. நீங்கள் தூங்கும் நேரத்தில் நான் அங்கே இருக்க மாட்டேன். கட்டில் போட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.'

நான் சிவப்புப் பேனாவைத் திறக்கவே இல்லை. ஒட்டும்போது மட்டும் கொஞ்சம் கோணலாக ஒட்டினேன்.

நவம்பர் 26, புதன்

தாளைக் காணோம். நேற்று மாலை இருந்தது என்கிறார் காவலாளி. இன்று நான்கு மூலையிலும் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் கிழிக்கவில்லையாம். காற்றா, விளையாட்டுக்கு யாராவது எடுத்தார்களா, துணிமூட்டை அம்மாவே எடுத்தாரா? எடுத்தவர் அவர் என்றால், இன்று நான்கு மணிக்கு ஏன் அறைக்குப் போகவில்லை? வகுப்பு முழுக்க இதைத்தான் பேசினோம். இன்னொன்று எழுதி ஒட்டலாம் என்றேன். நர்ஸ் அக்கா வேண்டாம் என்றார்.

"அவங்க எடுத்துட்டுப் போயிருந்தா, மறுபடி ஒட்டினா நச்சரிக்குற மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அண்ணிகிட்ட அலமாரியைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்."

நவம்பர் 28, வெள்ளி

வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். கதவு திறந்தது. திறந்த கதவில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு ஓர் அம்மா நின்றார். கையில் துணிமூட்டை, இன்னொரு கையில் நான்காக மடித்த தாள்.

"இந்த நோட்டீசை எழுதினது யாரு? ரூம் பூட்டியிருக்கு. கீழ வாட்ச்மேன், மாடியிலதான் எழுத்து வகுப்பு, அங்க கேளுங்கன்னாரு."

நர்ஸ் அக்கா எழுந்து நின்றார். "நான்தான் அக்கா."

"நீங்கதானே நர்ஸம்மா? உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? என்கூட வேலை பார்க்குற பொண்ணு இதை போட்டோ எடுத்துட்டு வந்து, 'பெரியம்மா, உங்களை போர்டுல போட்டிருக்காங்க'ங்குது. சமையல்கட்டுல எல்லாரும் படிச்சாச்சு. சலவைக்கடைக்காரர் சட்டுனு பேச்சை நிறுத்துறாரு. நான் குறட்டை விடுறது என்னைப் போகச் சொன்ன மூணு வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்ப தெருவுக்கே தெரியும்."

ஒருவருக்காக எழுதியதை எல்லோரும் படிப்பார்கள். பலகை என்றால் அதுதானே. நாலு பேர் உட்கார்ந்து யோசித்தோம், இதை யோசிக்கவில்லை. எழுந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். லிஃப்ட் அண்ணன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பேரு போடல அக்கா" என்றார் நர்ஸ் அக்கா.

"பேரு எதுக்கு? மூட்டையைப் போட்டிருக்கீங்களே!"

"தப்புதான். உங்களைக் கண்டுபிடிக்க வேற வழி தெரியல."

"அதான் கிழிச்சு எடுத்துட்டுப் போனேன். புதன்கிழமையே வந்து சண்டை போடணும்னு இருந்தேன். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து மறுபடி படிச்சேன்." அவர் மூட்டையைக் கீழே வைத்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "மூணு இடத்துல போகச் சொன்னாங்க. 'போ'ன்னு சொன்னவங்க யாரும் திரும்பக் கூப்பிட்டதில்ல. இது என்னடா ஆளு, பார்த்துட்டுத்தான் வருவோமேன்னு வந்தேன்."

கண்ணாடிக்கடைப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் வகுப்பை நான் நடத்தவில்லை. அவர்கள் இருவரும் நடத்தினார்கள்.

"உங்களுக்கு லீவே கிடையாதா?"

"வாரத்துல ஒரு ராத்திரி."

"அன்னைக்கு என்ன பண்ணுவீங்க? நான் பக்கத்துல முழங்கிட்டு இருப்பேனே."

"எனக்கு ராத்திரியில தூக்கம் வராது அக்கா. விட்டத்தைப் பார்த்துட்டுக் கிடப்பேன். ஒரு சத்தம் துணைக்கு இருந்தா நல்லதுதான்."

"காதுல பஞ்சு வச்சுக்குவேன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். இது வேற மாதிரி இருக்கே." அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "பள்ளிக்கூடம் லீவு விட்டா, பக்கத்துல ஒரு கேன்டீன்ல வேலை. அதனால பகல்ல இருக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. ஞாயிற்றுக்கிழமை. காலையில என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். சாப்பிட்டுட்டு ரூமுக்குத் திரும்பி வந்து ரெண்டு மணிக்கு ஒரு தூக்கம். அது என் ஒரே சுகம். அதை மட்டும் விட மாட்டேன்."

"தங்கச்சி வீட்டுலயே தூங்கலாமே?"

"தங்கச்சி புருஷன் சிரிப்பாரு."

நர்ஸ் அக்கா உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி என்றால் அவருக்கு நடுத்தூக்கம். ஏழு நாளில் ஆறு நாள் பொருந்துகிறது, ஒரு நாள் பகலில் இரண்டு மணி நேரம் இடிக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்காக அண்ணன் வீட்டு அலமாரியா? யாராவது எதையாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். பிறகு நானே சொல்லிவிட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை இந்த அறை காலியாத்தான் இருக்கும். சாவி என்கிட்ட இருக்கு. ஆனா..." இங்கே எனக்கே தயக்கம் வந்தது. "மாணவர்களைத் தவிர வேற யாரும் உள்ள இருக்கக் கூடாதுன்னு விதி."

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சின் அகலத்தைக் கையால் அளந்தார்.

"அப்ப நானும் சேர்ந்துக்கிறேன். எனக்கும் எழுதக் கத்துக்கணும், பொய் சொல்லல. மத்தபடி, வகுப்புல தூங்குறது என்ன உலகத்துல புதுசா?"

லிஃப்ட் அண்ணன் கை தட்டினார். "வாத்தியாரே, இதுக்குப் பேருதான் இணங்க வைக்கிறது. நோட்ஸ் எடுத்துக்குங்க."

நவம்பர் 29, சனி

சமையல்கட்டு அம்மாவின் கட்டிலை லிஃப்ட் அண்ணனும் நானும் மூன்று மாடி தூக்கிச் சென்றோம். "லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே" என்று படிக்குப் படி புலம்பினார். வீட்டுக்காரர் வந்து கட்டிலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நர்ஸ் அக்கா அண்ணனுக்குப் போன் செய்து, அலமாரியை மறுபடி நிரப்பிக்கொள்ளச் சொன்னார். இரவு வேலைக்குக் கிளம்பும்போது விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்க உள்ளே எட்டிப் பார்த்தாராம். சாமான் ஏற்றிய அலுப்பில் எட்டு மணிக்கே படுத்துவிட்ட அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை, குறட்டைதான் வந்ததாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். 'தம்பி, கதவைச் சாத்திப் பார்த்தேன். வெளியே ஒண்ணும் கேக்கல. சுவர் நிஜமாவே கெட்டி.'

வகுப்பறையில் தூங்க விடுவது சரியா என்று இன்னும் தெரியவில்லை. வருகைப் பதிவில் எழுதத்தான் போகிறேன். பாடம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டும்.

நாளை ஞாயிறு. செய்ய வேண்டியது: ஒன்றே முக்காலுக்கு வகுப்பறையைத் திறப்பது. சுவரோரத்து நீள பெஞ்சுகள் இரண்டைச் சேர்த்துப் போடுவது. தெருப்பக்க ஜன்னல்களைச் சாத்துவது. நான்கு மணிக்கு அவரை எழுப்பி, எழுத வைப்பது.